ஓ.ஆர்.எம். சாதனமும் கண்ணுக்குப் புலப்படாத கேள்விகளும்

விவரங்களை அட்டவணைகளில் வகுத்து, பொதுவான விவரம் ஒன்றினால் அவ்வட்டவணைகளை இணைத்துக் கொள்ளலாம் என்னும் கொள்கையை 1970-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கார் காட் ஆவார். இத்தகைய தரவுத்தளத்திடம் கேள்வி கேட்பதற்கு எஸ்.க்யூ.எல். என்னும் மொழி உண்டு. ஆனால், நிரல் எழுதுவோர் விவரங்களைக் 'கிராமம்', 'மண் மாதிரி' என்பன போன்ற பொருள்களாகவே கருதுவர். இவ்விரண்டிற்கும் இடையே மொழிபெயர்ப்பாளனாக நிற்பதே ஓ.ஆர்.எம். எனப்படும் சாதனம். பைதான் மொழியினருக்கு, 2005-இல் வெளிவந்த ஜாங்கோவின் மூலம் இது நன்கு அறிமுகமானது.

கேள்வியை எழுதாமலே விடை கிடைத்துவிடுவதால், எத்தனை கேள்விகள் சென்றன என்பது நிரலாளர் கண்ணில் படுவதில்லை. உதாரணமாக, 400 கிராமங்களையும் அவற்றின் மண் பரிசோதனை முடிவுகளையும் பட்டியலாகக் காட்டவேண்டும் என்று கொள்வோம். கிராமங்களைப் பெற ஒரு கேள்வி போதும். பின்னர் ஒவ்வொரு கிராமமாக எடுத்து அதன் மாதிரிகளை நிரல் நாடுமாயின், மேலும் 400 கேள்விகள் செல்லும். ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியே பதிவேட்டு அறைக்குச் சென்று திரும்பும் குமாஸ்தாவின் செயலை இது ஒக்கும். ஒரு கேள்வி போய்த் திரும்ப 5 மில்லி வினாடி ஆகுமாயின் மொத்தம் 2 வினாடி. தரவுத்தளம் தொலைவிலிருந்து 50 மில்லி வினாடி ஆகுமாயின் 20 வினாடி. நிரல் எழுதியவர் 5 கிராமங்களை மட்டும் வைத்துச் சோதித்திருப்பின் குறை தென்பட்டிராது. விவசாயியை எதிரே நிறுத்திவைத்துத் திரையை நோக்கிக் காத்திருப்பவர் களப் பணியாளரே.

இதற்குப் பரிகாரம் ஜாங்கோவிலேயே உண்டு. 'பிரீஃபெட்ச் ரிலேட்டட்' என்னும் கட்டளையால் கிராமங்களுக்கு ஒன்று, மாதிரிகள் அனைத்திற்கும் ஒன்று என இரண்டே கேள்விகளில் வேலை முடியும். ஆனால், எல்லாவற்றையும் முன்கூட்டியே வரவழைப்பதும் தவறு. வேண்டாத விவரங்கள் நினைவகத்தை அடைத்துக்கொள்ளும். தரவுத்தளத்துக்குச் செல்லும் எஸ்.க்யூ.எல். வரிகளைத் திரையில் அச்சிட்டு எண்ணிப் பார்ப்பதே உத்தமமான வழி. பலர் இதைச் செய்வதில்லை.

தாமதத்தைக் காட்டிலும் பிழை கொடியது. விதைக் கிடங்கின் இருப்பு 100 மூட்டை. இருவர் ஒரே சமயத்தில் அதைப் படித்து, ஒருவர் 10, மற்றவர் 20 கழித்துச் சேமித்தால், பின்னர் சேமித்தவரின் எண்ணே நிலைக்கும்; ஏட்டில் 90 அல்லது 80 நிற்க, கிடங்கில் இருப்பதோ 70. எண்ணை நிரலுக்குள் எடுத்து வராமல், கழிக்கும் வேலையைத் தரவுத்தளத்திடமே ஒப்படைக்கவேண்டும். ஜாங்கோவில் 'எஃப்' கோவை இதற்கென அமைந்தது. இருப்பு சுழிக்குக் கீழே போகலாகாது என்னும் நிபந்தனையையும் அட்டவணையிலேயே விதித்துவிடுவது நலம்.

ஆசிரியர்கள் இதனைப் பள்ளி நூலகப் பதிவேட்டைக் கொண்டே கற்பிக்கலாம். நூல், மாணவர், இரவல் என மூன்று அட்டவணைகள் போதும். முதலில் எஸ்.க்யூ.எல். கேள்விகளைக் கையால் எழுதச் செய்து, அதன் பின்னரே ஓ.ஆர்.எம். சாதனத்தை மாணவரிடம் கொடுக்கவேண்டும்.