அத்தை பீரோவில் ஒரு ரேஞ்ச்ஃபைண்டர்: லென்ஸ் பிழைக்கும், பாடி பிழைக்குமா?

(எபிசோடின் சுருக்கப்பட்ட எழுத்து வடிவம்)

போன மாசம் ஏற்காடு போயிருந்தேன். சேலத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனா அத்தை வீடு. மாமா காபி எஸ்டேட்ல ரைட்டரா இருந்தவர், இப்போ இல்லை. நான் காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள அத்தை பீரோவைத் திறந்து ஒரு தோல் பையை எடுத்துட்டு வந்தாங்க. உள்ளே ஸோர்க்கி-4. சோவியத் ரஷ்யாவுல செஞ்ச ஃபிலிம் கேமரா, ஜூபிட்டர்-8 லென்ஸோட.

"பழைய கேமரா எல்லாம் லட்சக்கணக்குல போகுதாமே கண்ணு? யூடியூப்ல சொல்றாங்க. மழைக்கு முன்னாடி ஓடு மாத்தணும். இதை வித்துக் குடுத்துடேன்."

கேமரா பைத்தியம்னு வீட்ல பேர் வாங்கினவன் நான். ஆனா அத்தைக்கு உடனே பதில் சொல்ல வரல. இந்த மாதிரி கேமராவுக்கும் லென்ஸுக்கும் இனிமே என்ன மார்க்கெட் இருக்கு? அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

முதல்ல, ரேஞ்ச்ஃபைண்டர்னா என்ன?

கண்ணை வச்சுப் பார்த்தா, நடுவுல ஒரு சின்னக் கட்டத்துல உருவம் ரெண்டா தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப ரெண்டும் நெருங்கி வரும். ஒண்ணா சேர்ற இடம்தான் ஃபோகஸ். லென்ஸோட பின்பக்கம் பாடிக்குள்ள இருக்கிற ஒரு நெம்புகோலைத் தள்ளுது, அதுக்கு ஏத்த மாதிரி இரண்டாவது உருவம் நகருது. பேட்டரி, சிப் எதுவும் வேண்டாம்.

அப்போ இது ஆயுசுக்கும் உழைக்கும்னு தோணும். இல்லை. உருவத்தை ரெண்டாக்குற கண்ணாடியோட பூச்சு வருஷக் கணக்குல மங்கிடும். மாமா கேமராவை பகோடா பாயின்ட்டுக்கு எடுத்துட்டுப் போனேன், பனிமூட்டத்துல அந்தக் கட்டமே தெரியல. இன்னொரு பிரச்சினை ஷட்டர் திரை. அது துணி. எஸ்எல்ஆர் மாதிரி முன்னாடி மறைக்கக் கண்ணாடி கிடையாது. மூடி போடாம வெயிலைப் பார்த்து வச்சா, பூதக்கண்ணாடி காகிதத்தைப் பொசுக்குற மாதிரி லென்ஸே திரையில ஓட்டை போட்டுடும். மாமா கேமராவுல ரெண்டு ஊசி ஓட்டை இருக்கு.

லென்ஸோட கதை வேற

நம்ம பாஷையில சொன்னா, லென்ஸ் மவுன்ட்ங்கிறது ஒரு இன்டர்ஃபேஸ். ஸோர்க்கியில இருக்கிறது லைக்காவோட பழைய 39 மி.மீ. திருகு மவுன்ட். அதுல மவுன்ட்டுக்கும் ஃபிலிமுக்கும் இடைவெளி 28.8 மி.மீ. 1954-ல லைக்கா எம்3-யோட புது மவுன்ட் வந்தப்போ அந்த இடைவெளி 27.8 மி.மீ. சரியா 1 மி.மீ. கம்மி. அந்த 1 மி.மீ. தடிமன்ல ஒரு வளையம் போட்டா பழைய திருகு லென்ஸ் புது பாடியில உட்காரும். அச்சு அசல் பேக்வேர்டு கம்பேட்டிபிலிட்டி! அதே எம் மவுன்ட்தான் லைக்காவோட டிஜிட்டல் எம் கேமராக்கள்லயும். சோனி மிரர்லெஸ்ல இடைவெளி வெறும் 18 மி.மீ. அதனால ஒரு அடாப்டர் போதும்.

ஜப்பான்ல கொசினான்னு ஒரு கம்பெனி. வாய்க்லேண்டர் பேர்ல பெஸ்ஸா ரேஞ்ச்ஃபைண்டர் பாடிகளை விலை குறைவா கொடுத்தாங்க. 2015-ல பாடியை நிறுத்திட்டாங்க. ஆனா எம் மவுன்ட் லென்ஸை இன்னும் செய்யறாங்க. மார்க்கெட் எந்தப் பக்கம்னு இதுலயே தெரியுது. லைக்கா 2022-ல ஃபிலிம் எம்6-ஐ மறுபடி கொண்டு வந்தாங்க, வாஸ்தவம். ஆனா அது நம்ம சம்பளத்துக்கு எட்டாத விலை.

ஃபிலிம் எங்கே?

பாடி நல்லா இருந்தாலும் ஃபிலிம் வேணுமே. ஒரு காலத்துல அதுக்கு வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்ல. நம்ம ஊர்லயே இன்னொரு மலையில, ஊட்டியில, அரசு நிறுவனமான இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் இருந்தது. 1960-ல தொடங்கி, 1967-ல உற்பத்திக்கு வந்து, 'இண்டு'ங்கிற பேர்ல ஃபிலிம் வித்தாங்க. டிஜிட்டல் வந்து, நஷ்டம் பெருகி, கடைசியில மூடிட்டாங்க. இப்போ கோடாக் ஃபிலிம் அமெரிக்காவோட ரோசெஸ்டர்ல இருந்து வரணும், இல்ஃபோர்ட் இங்கிலாந்துல இருந்து வரணும். லென்ஸுக்கு இந்தக் கவலையே இல்லை.

ஆனா லென்ஸுக்கு வேற எதிரி உண்டு: பூஞ்சை. சேர்வராயன் மலை ஈரத்துக்கு, பீரோவுல தோல் பைக்குள்ள மூடி வச்ச லென்ஸ் பூஞ்சைக்கு விருந்து. சிலந்தி வலை மாதிரி படரும். விட்டுட்டா கண்ணாடியோட பூச்சையே அரிச்சிடும், அப்புறம் துடைச்சாலும் போகாது. மாமா லென்ஸ்ல ஓரமா ஆரம்பிச்சிருந்தது. சேலத்துல ஒரு பெரியவர் பிரிச்சு சுத்தம் பண்ணிக் கொடுத்தார். "ஷட்டர் திரையும் மாத்த முடியுமா ஐயா?"னு கேட்டேன். "கண்ணு முன்ன மாதிரி இல்லப்பா"ன்னார். அவர்கிட்ட வேலை கத்துக்க யாரும் வரலையாம்.

என் கணிப்பு இதான். நல்ல லென்ஸுக்கு மதிப்பு நிக்கும். ஆனா சாதாரண லென்ஸ் ரொம்ப ஏறாது, ஏன்னா சீனாவுல இருந்து புது மேனுவல் லென்ஸ் மலிவா வந்துட்டே இருக்கு. பாடியோட விலை, அதை ரிப்பேர் பண்ண ஆள் இருக்கிற வரைக்கும்தான். எலெக்ட்ரானிக் ஷட்டர் உள்ள பழைய பாடி இன்னும் ஆபத்து. போர்டு போச்சுன்னா ஸ்பேர் கிடைக்காது.

அத்தைகிட்ட உள்ளதைச் சொன்னேன். லட்சத்துக்குப் போறது அபூர்வமான லைக்கா. ஸோர்க்கி-4 பத்து லட்சத்துக்கும் மேல செஞ்ச கேமரா. வித்தா வீட்டோட ஒரு மூலைக்குத்தான் ஓடு வாங்கலாம். அத்தை கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம், "அதுல இன்னும் ஃபோட்டோ வருமா?"ன்னாங்க. லென்ஸைக் கழட்டி என் மிரர்லெஸ்ல மாட்டி, ஜன்னல் பக்கமா உட்கார வச்சு எடுத்தேன். ஸ்க்ரீன்ல பார்த்துட்டு, "உங்க மாமா எடுத்த மாதிரியே இருக்குடா. வச்சுக்க, பூஞ்சை விடாம பார்த்துக்க"ன்னாங்க. ஓட்டுச் செலவை நானும் தங்கச்சியும் பாதிப் பாதி போட்டுக்கிட்டோம்.

உங்க வீட்டு பீரோவுலயும் ஒண்ணு கிடக்கலாம். இன்னைக்கே தோல் பையில இருந்து வெளிய எடுங்க. லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்ட காற்றுப் புகாத டப்பாவுல வைங்க. விக்கிறதா வேண்டாமாங்கிறதை அப்புறம் யோசிக்கலாம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.