நூலும் ஊரும் – 7: ஓரத்தில் தொடங்கு

தையல் பழக ஆரம்பித்தவர்கள் எல்லாருக்கும் ஓர் ஆசை வந்துவிடும். யாருக்காவது குழந்தை பிறக்கப்போகிறது என்று தெரிந்ததும், கடையில் வாங்காமல் தானே எதையாவது தைத்துக் கொடுக்க வேண்டும். குழந்தைத் துணி சின்னது, சீக்கிரம் முடிந்துவிடும், கோணலாக இருந்தாலும் குழந்தை குறை சொல்லாது என்று கணக்குப் போடுகிறோம். முதலும் மூன்றாவதும் சரி, இரண்டாவதுதான் தப்பு. பெரியவர்களுக்கு நைட்டி தைப்பதைவிடக் கைக்குழந்தைக்கு ஜப்லா தைப்பது கஷ்டம். கழுத்தும் கைக்குழியும் சிறுத்துப்போகப் போக வளைவு இறுகும். அந்த வளைவில் துணியை மடித்துத் தைப்பதற்குள் பழகாத கை சலித்துவிடும்.

கர்நாடகத்தில் இருப்பவர்களுக்கு இதற்கு மேலும் ஒரு சபலம் உண்டு. பாகல்கோட் மாவட்டத்தின் குளேதகுட்டாவில் நெய்யும் 'கண' என்னும் ரவிக்கைத் துணியில் குழந்தைகளுக்குக் குஞ்சிகெ தைப்பார்கள். தலையை மூடும் குல்லாயும் முதுகோடு வழியும் துணியும் சேர்ந்த உடுப்பு அது. தொட்டில் விழாப் படங்களில் அதைப் போட்டுக்கொண்டு முழிக்கும் குழந்தையைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும். இந்த வருஷம் வேண்டாம். கொசுவம், மடிப்பு, உள்துணி என்று அதில் இருப்பதெல்லாம் பழகிய கைக்கான வேலை.

சிநேகிதியின் மகளுக்குத் தையில் பிரசவம். என்ன தைக்கலாம் என்று நான் கேட்டது எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு கார்மென்ட்ஸ் தொழிலாளியிடம். சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். ஓசூர் ரோட்டில் இருக்கும் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் காலர் வைப்பது அவர் வேலை.

"முழுச் சட்டை தைக்கச் சொன்னா எனக்கும் வராதுக்கா. காலர் மட்டும் கண்ணை மூடிக்கிட்டு வைப்பேன்" என்றார்.

பெங்களூரின் தையல் இப்படித்தான் நடக்கிறது. பீன்யா, பொம்மனஹள்ளி, மைசூர் ரோடு என்று ஊரைச் சுற்றி இருக்கும் ஆலைகளில் ஒரு சட்டை பல பேர் கைமாறி உருவாகிறது. ஒருவர் காலர், ஒருவர் கஃப், ஒருவர் பட்டன் காஜா. மணிக்கு இத்தனை பீஸ் என்று இலக்கு. பெரும்பாலும் பெண்கள். வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான உடுப்பும் இவர்கள் கையால் போகிறது. இவர்களுடைய குழந்தைகளுக்காக ஆலையிலேயே காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. முதலில் 50 பெண்களுக்கு மேல் இருந்தால் என்று இருந்ததை 1976-இல் 30 ஆகக் குறைத்தார்கள். அப்படியும் பிரசவத்தோடு வேலையை விட்டவர்கள் ஏராளம். விடும்போது கைக்கு வரும் பி.எஃப். பணம்தான் பலருக்கு இருந்த ஒரே சேமிப்பு. 2016-இல் மத்திய அரசு அதை எடுக்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, ஏப்ரலில் இந்தப் பெண்கள் ஓசூர் ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள். உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

அந்தக் காலர்க்காரர் எனக்குச் சொன்ன யோசனை கௌதி. "எங்க லைன்ல ஹுப்ளிப் பக்கத்துக்காரங்க இருக்காங்க. பழைய சீலையை அடுக்கி கையாலயே தைப்பாங்க. மிஷினே வேணாம். உங்களுக்கு அதான் சரி."

வட கர்நாடகத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் ஒட்டுப்போர்வைதான் கௌதி. பழைய புடவைகளை அடுக்கி, மேலே துண்டுத் துணிகளை வைத்து, ஓட்டுத்தையலால் முழுக்க நிரப்பிவிடுவார்கள். அதன் நெருங்கிய உறவு, உத்தர கன்னட மாவட்டத்தின் எல்லாபூர், ஹளியாள், முண்டகோடு காடுகளை ஒட்டி வாழும் ஸித்தி மக்களின் கவந்தி. ஸித்திகள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். போர்ச்சுகீசியர் காலத்தில் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தப்பி மலைக்காடுகளுக்குள் வந்து குடியேறியவர்கள் இவர்களின் முன்னோரில் பலர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என மூன்று மதங்களிலும் இருக்கிறார்கள். 2003-இல் கர்நாடகத்தில் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கலை வரலாற்றுப் பேராசிரியர் ஹென்றி ட்ரூவல் இவர்களின் போர்வைகளைப் பார்த்து வியந்ததன் விளைவாக 2004-இல் ஸித்திப் பெண்களின் கூட்டுறவு ஒன்று உருவானது. 2011-இல் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் அந்தப் போர்வைகள் சுவரில் தொங்கின. கவந்தியில் குழந்தைக்கென்று தைப்பது அளவில் சிறியது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

கவந்தி தைக்கும் முறையை அறிந்தபோது, கற்றுக்குட்டிகளை மனதில் வைத்தே யாரோ யோசித்ததுபோல் இருந்தது. மேல்நாட்டு ஒட்டுப்போர்வையில் துண்டுகளை முதலில் அளந்து வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, அதன் பிறகுதான் அடித்துணியோடு சேர்க்க வேண்டும். ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு நூல் பிசகினால் போதும். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பத்து இணைப்பு தாண்டுவதற்குள் ஒன்றேகால் அங்குலம் காணாமல் போய், மூலைகள் ஒன்றுக்கொன்று முகம் திருப்பிக்கொள்ளும்.

கவந்தியில் துண்டுகளுக்கு அளவே கிடையாது. அடித்துணியாக ஒரு பழைய புடவைத் துண்டு. ஒரு மூலையில் தொடங்கி, அடித்துணியின் ஓரத்தை உள்ளே மடித்து, அதன் மேல் ஒரு துண்டுத் துணியின் ஓரத்தையும் மடித்து வைத்து, இரண்டையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட வேண்டும். அந்தத் துண்டு முடியும் இடத்தில் அடுத்த துண்டை லேசாக மேலே ஏற்றி வைத்துத் தையலைத் தொடரலாம். நான்கு ஓரமும் சுற்றி வந்ததும் அரை விரல் உள்ளே தள்ளி அடுத்த சுற்று. சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து சேர வேண்டும். பெரிய துண்டு இருந்தால் பெரிதாக, சிறியது இருந்தால் சிறிதாக வைத்துக்கொள்ளலாம். முன்னால் வைத்தது கோணலானால் பின்னால் வைப்பது அதை மூடிவிடும். தையலே துண்டுகளையும் இணைக்கிறது, அடுக்குகளையும் பிடிக்கிறது. இரண்டு வேலைக்கு இரண்டு தடவை உட்கார வேண்டியதில்லை.

நான்கு மூலையிலும் 'பூலா' என்று துணியை மடித்து முக்கோணமாகச் செருகுவார்கள். அது பூ. அது இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருப்பதாக அந்தப் பெண்கள் சொல்வார்களாம். சிலர் நடுவில் வைக்கும் கடைசித் துண்டுக்கடியில் சில அரிசி மணிகளை வைத்துத் தைக்கிறார்கள். போர்வையின் வயிறு நிறைய வேண்டும் என்பதற்காக. பூலா எனக்குப் பிடித்துப்போனது. அரிசியும்தான், ஆனால் வாரத்துக்கு நாலு தடவை துவைக்க வேண்டிய துணிக்குள் அதை வைக்கத் துணிச்சல் வரவில்லை.

தையல் சாமானுக்குச் சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் போதும். கெம்பேகௌடர் 1537-இல் கட்டிய பேட்டை இது. அக்கிபேட்டை அரிசிக்கு, ராகிபேட்டை ராகிக்கு, அரளெபேட்டை பருத்திக்கு என்று தெருவுக்கொரு சரக்காக இருந்தது. இப்போது சரக்குகள் கலந்துவிட்டாலும் மாமூல்பேட்டையிலும் அவென்யூ ரோட்டு ராஜா மார்க்கெட்டிலும் லேஸ், பட்டன், நூல் கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. அங்கே கன்னடம் வராவிட்டால் தமிழ், தமிழ் வராவிட்டால் இந்தி. வாங்க வேண்டியது நல்ல பருத்தி நூல், நீள ஊசி ஒரு பாக்கெட், விரல் உறை. அவ்வளவுதான். 'எல்லாம் ஒரே பெட்டியில்' என்று விற்கும் கைவினைப் பெட்டிகளைத் தொட வேண்டாம். அதில் இருக்கும் துணி பெரும்பாலும் கஞ்சி போட்ட விறைப்பான புதுத்துணி.

கடையில் துணியும் வாங்க வேண்டாம் என்பேன். துவைத்துத் துவைத்துத் தேய்ந்த பருத்தியின் மென்மை எந்தக் கடையிலும் கிடைக்காது. நம் வீடுகளில் பிறந்த குழந்தையை முதலில் சுற்றுவது தாத்தாவின் பழைய வேட்டியில்தான். பீகாரின் சுஜனி போர்வையும் பச்சைக் குழந்தைக்காகப் பழைய துணிகளைச் சேர்த்துத் தைத்ததில் தொடங்கியதுதான். கந்தலுக்கென்றே அங்கே சித்திரியா மா என்றொரு தெய்வம் உண்டு. சீனாவில் நூறு வீடுகளில் துணி கேட்டு வாங்கிக் குழந்தைக்கு அங்கி தைப்பார்கள். ஜப்பானிலும் அந்த வழக்கம் இருந்தது. நூறு வீட்டு நல்லெண்ணம் குழந்தையைக் காக்கும் என்று நம்பிக்கை. தங்காமல் போன குழந்தைகளுக்குப் பின் பிறந்ததற்குப் பிச்சை, குப்பை என்று பேர் வைத்தார்களே நம்மவர்கள், அவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருந்திருக்காது.

ஆனாலும் பெங்களூர் அடுக்ககத்தில், பரிசுக் காகிதத்துக்குள் பழைய துணியை வைத்து நீட்டினால் சம்பந்தி வீட்டார் முகம் எப்படிப் போகும் என்பது வேறு விஷயம். அதற்கு ஒரு வழி இருக்கிறது. துணியை அந்த வீட்டிலிருந்தே கேட்டு வாங்க வேண்டும். பாட்டியின் சுங்குடிச் சேலை, அப்பாவாகப் போகிறவன் கல்லூரியில் போட்டுக் கிழித்த சட்டை, அம்மாவின் பழைய சுடிதார். அப்புறம் யாரும் பழசு என்று சொல்ல மாட்டார்கள். அது யாருடையது என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

சிநேகிதியின் மாமியாருக்கு ஒரு தயக்கம். வயிற்றில் இருக்கும்போதே குழந்தைக்குத் துணி தைக்கலாமா? பல குடும்பங்களில் பிரசவம் ஆகும்வரை குழந்தைக்கென்று ஒன்றும் வாங்குவதில்லை. அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். பழைய காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. துணிகளை வாங்கித் துவைத்து வைப்பது வரை இப்போது, முதல் தையல் குழந்தை பிறந்த பிறகு என்று பேசி முடித்தோம்.

வாங்கி வந்த துணிகளில் எது சுத்தப் பருத்தி என்று பார்க்க ஓரத்தில் ஓர் இழையை உருவித் தீயில் காட்டலாம். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கருப்பு மணியாக இறுகும். உருகுவதை ஒதுக்கிவிடுங்கள். அடர்ந்த சிவப்பு, நீலத் துணிகளை ஒரு வெள்ளைத் துணியோடு சேர்த்து வெந்நீரில் ஊற வைத்தால் சாயம் போகிறதா என்பது தெரிந்துவிடும். எல்லாவற்றையும் தைப்பதற்கு முன்பே வெந்நீரில் அலசிவிட வேண்டும். இல்லாவிட்டால் தைத்த பிறகு ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவுக்குச் சுருங்கும்.

அளவு 30க்கு 36 அங்குலம் போதும். அடித்துணிக்கும் மேல்துண்டுகளுக்கும் நடுவில் பஞ்சு வேண்டாம், இரண்டு அடுக்குப் பழைய மல் துணி போதும். சீக்கிரம் காயும். பெங்களூரின் ஆடி மாதச் சாரலில் துணி காயாத அவஸ்தை தெரிந்தவர்கள் பஞ்சு வைக்க மாட்டார்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். குழந்தை தூங்கும்போது இதைப் போர்த்தக் கூடாது. ஒரு வயது வரை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை, தலையணை, மெத்தென்ற பொம்மை எதுவும் வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் உட்பட மருத்துவர்கள் சொல்கிறார்கள். முகத்தில் விழுந்தால் விலக்கத் தெரியாது, மூச்சு முட்டும். இது பாயின் மேல் விரித்து, பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது குழந்தையைக் குப்புறப் போட்டு விளையாடவிடும் விரிப்பு. பட்டன், மணி, சம்க்கி, தொங்கும் ரிப்பன் எதுவும் கூடாது, வாய்க்குப் போய்விடும். தையலும் கால் அங்குலத்துக்குக் குறைவாக இருக்கட்டும். நீளத் தையல் தளர்ந்து கண்ணியானால் குழந்தையின் விரல் அதில் மாட்டி ரத்த ஓட்டம் நின்றுவிடக்கூடும். முடிச்சுகளை அடுக்குகளுக்கு நடுவில் மறைத்துவிடுங்கள்.

இத்தனையும் பட்டியலாக எழுதி வைத்திருந்ததைக் காலர்க்காரரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "ஊசியை எண்ணினீங்களா?" என்றார்.

அவர்கள் கம்பெனியில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து ஒப்படைத்தால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்தப் பண்டலை நிறுத்திவைத்துவிடுவார்கள். குழந்தைகள் சட்டை என்றால் பெட்டியில் போகும் முன் ஒவ்வொன்றும் ஊசி கண்டுபிடிக்கும் மெஷினுக்குள் போய் வர வேண்டும். "நாங்க அங்க அவ்ளோ பார்க்கிறோம். நீங்க வீட்ல குண்டூசி குத்தி அடுக்கிட்டு, ஒண்ணு உள்ளயே தங்கிட்டா?"

ஆகவே தைக்க உட்காரும்போது ஊசியையும் குண்டூசியையும் எண்ணி ஒரு மூடியில் வையுங்கள், எழும்போது எண்ணிக்கை சரியாக இருக்கிறதா பாருங்கள். முடித்ததும் ஒரு நல்ல காந்தத்தைப் போர்வையின் இரு பக்கமும் மெதுவாக ஓட்டுங்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை அவரே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். போர்வை முடிந்ததும் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறார், அவர் பையனின் பள்ளி வேலைக்கு அது வேண்டுமாம்.

அடுத்த வாரம்: பழைய கால்மிஷினா, மோட்டார் மிஷினா? சிவாஜிநகர் மெக்கானிக்குகளோடு ஒரு சுற்று.

(தொடரும்)