இயந்திரமும் பொறுமையும்

கரிசற்காட்டில் கலப்பையையும் கிணற்றுப் பம்பையும் பற்றி எழுதுவதை விடுத்து, வள்ளத்து மோட்டாரை ஏன் எடுத்தீர் என்று வாசகர்கள் வினவலாம். எட்டயபுரத்து இளைஞர் ஒருவர் வேம்பாரில் மோட்டார் பட்டறையில் தொழில் பழகுகிறார். அவரைக் காணச் சென்ற நாம், முத்துக்குளித்துறையின் ஏழு துறைகளுள் ஒன்றாகிய அவ்வூரில் ஒரு பழைய வள்ளத்தில் கடலுக்குப் போய் வந்தோம்.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலே எவின்ரூட், 1909-ல் விற்கத் தொடங்கிய படகு மோட்டாரின் வழித்தோன்றலே வள்ளத்தின் பின்புறம் தொங்கிய பழைய மண்ணெண்ணெய் மோட்டார். நம் தோட்டத்து மண்ணெண்ணெய்ப் பம்பைப் போலவே அதுவும் பெட்ரோலில் பிறந்து மண்ணெண்ணெயில் வாழ்வது.

அதைக் கிளப்பும் முறை இது: முதலில் எண்ணெய்த் தொட்டி மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறக்க வேண்டும். ரப்பர்க் குமிழைக் கெட்டியாகும் வரை அமுக்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். இயந்திரம் குளிர்ந்திருந்தால் சோக்கை இழுத்து, கயிற்றை மெல்ல இழுத்துப் பற்றியதும் ஓங்கி இழுக்க வேண்டும். கிளம்பியதும் சோக்கை உள்ளே தள்ளி, குளிர்நீர் வெளியே பீறிடுகிறதா எனப் பார்க்க வேண்டும். சூடேறிய பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். வேகத்தைக் குறைத்த பின்பே கியரைத் தொட வேண்டும். கைப்பிடியை இடப்புறம் தள்ளினால் வள்ளம் வலப்புறம் திரும்பும்.

திரும்பும் வழியில் மோட்டார் நின்றுவிட்டது. காற்று எம்மைப் பாறைப்பக்கம் தள்ளிற்று. மூடியிருந்த காற்றுத் திருகே காரணம் என்று தந்தை கண்டு திறந்தார். ஆனால் மகனோ சூடான இயந்திரத்திற்குச் சோக்கையும் இழுத்து, பெட்ரோலைத் திறந்து, பதறிப் பதறிக் கயிற்றை இழுத்தான். பெட்ரோல் வாடை எழுந்ததேயன்றி மோட்டார் எழவில்லை.

"ஏல, கைய எடு. தீனி கூடிப்போச்சு. சாமி, கொஞ்சம் பொறுங்க," என்றார் தந்தை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்தார், சோக்கைத் தள்ளினார், பெட்ரோலை மூடி, வெறுமனே சில முறை கயிற்றை இழுத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றினார். பிளக்கை மாட்டி, பெட்ரோலைத் திறந்து ஒரே இழுப்பு! மோட்டார் உறுமிற்று. நாம் சொல்லிக்கொண்டிருந்த செபம் நன்றியாக மாறிற்று.

கரையை அண்டுமுன் அவர் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றினார். மண்ணெண்ணெய் உள்ளே தங்கினால் மறுநாள் கிளம்பாதாம்.

அன்பார்ந்த பெற்றோரே! பிள்ளை அடம்பிடிக்கும்போது நாமும் சோக்கை இழுத்துவிட்டுக் கயிற்றை இழுப்பதில்லையா? அறிவுரையும் ஏச்சும் தேங்கிய உள்ளம் எவ்வாறு பற்றிக்கொள்ளும்? சற்றே நிறுத்துவோம், தேங்கியது வெளியேறக் காத்திருப்போம். அன்று அந்தத் தந்தை மகனை ஏசவில்லை; கரையேறியதும் கயிற்றை மீண்டும் அவன் கையிலேயே கொடுத்தார்.