கருவுற்ற பெண்ணுக்கு நடை தேவையா?

பிரசவ வேதனையோடு பேரீச்ச மரத்தடிக்கு வந்த மர்யம் (அலை) அவர்களிடம், அம்மரத்தைப் பிடித்து உலுக்குமாறு கூறப்பட்டதைத் திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்தில் ஓதுகிறோம். உலுக்காமலேயே கனிகளை உதிர்க்க வல்லவன் இறைவன். எனினும், அந்நிலையிலும் அவர்களிடம் ஒரு சிறு முயற்சி வேண்டப்பட்டது.

நம் இல்லங்களிலோ, கருவுற்ற மருமகளை "அசையாதே, குனியாதே" என்று உட்கார்த்தி வைக்கிறோம். வேறு சில வீடுகளில் தண்ணீர்க்குடம் சுமப்பது மட்டும் அவள் பொறுப்பு. மாலையில் சற்று உலாவிவரத்தான் அனுமதி இல்லை!

சகோதரிகளே! கர்ப்பகால நீரிழிவு நம் வீடுகளுக்கும் வருவதே. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. சேஷையா (2022இல் பத்மஸ்ரீ பெற்றவர்) இதனைக் கண்டறிய எளிய சோதனையைப் பரவலாக்கினார். வெறும் வயிறாக இருக்கவேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைப் பருகி, 2 மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்கவேண்டும். சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நோய் உண்டு. கர்ப்பிணிகள் அனைவருக்கும் இச்சோதனை செய்ய 2007இல் தமிழக அரசு ஆணையிட்டது.

சோதனையில் தெரிந்துவிட்டால் அஞ்சவேண்டாம். உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஈர்த்துக்கொள்கிறது. ஆகவே, உணவுக் கட்டுப்பாடும் நடையுமே பெரும்பாலோருக்குப் போதுமானவை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் கர்ப்பிணிகளுக்கு வாரம் 150 நிமிட மிதமான பயிற்சியைப் பரிந்துரைத்தது. அதை உணவுக்குப் பின் பத்துப் பத்து நிமிடமாகவும் பிரித்துக்கொள்ளலாம்.

"ஐவேளைத் தொழுகை போதாதா?" என்று கேட்பவர் உண்டு. தொழுகை இறைவனுக்கானது, அதை நடைக்கு ஈடாக்குவது முறையன்று. நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழ நபி (ஸல்) அவர்கள் சலுகை அளித்துள்ளார்கள்.

முதலில் மருத்துவரின் அனுமதி வேண்டும். நஞ்சுக்கொடி கீழிறங்கியவர், கருப்பை வாயில் தையல் போடப்பட்டவர், கர்ப்பகால இரத்த அழுத்தம் மிகுந்தவர் தாமாகத் தொடங்கலாகாது. அஸ்ருக்குப் பின் வெயில் தணிந்ததும், ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதையிலோ வீட்டு மொட்டை மாடியிலோ நடக்கலாம். கணவர் உடன் வருவது நலம். புர்கா காலில் தட்டாத நீளமாக இருக்கட்டும். பேசிக்கொண்டே நடக்க முடியவேண்டும். மூச்சு வாங்கிப் பேச்சு தடைப்பட்டால் வேகம் அதிகம் என்று பொருள்.

இரத்தக் கசிவு, நீர் வெளியேறுதல், மார்வலி, தலைச்சுற்றல், விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 108ஐ அழைக்கலாம். "விடியட்டும், பார்க்கலாம்" என்று எந்த மாமியாரும் சொல்லவேண்டாம்.