புதியதுதான் சிறந்ததா?



புதிய விளையாட்டுக் கருவியொன்று கடைக்கு வந்துவிட்டால், பிள்ளைகளின் பேச்செல்லாம் அதைப் பற்றியதாகவே இருக்கும். ஆனால் புதியது என்பதாலேயே ஒன்று சிறந்ததாகிவிடுமா? ஜப்பானில் நிகழ்ந்ததைச் சற்றுப் பாருங்கள்.

1989 ஏப்ரலில் நிண்டெண்டோ நிறுவனம் 'கேம் பாய்' என்னும் கையடக்கக் கருவியை வெளியிட்டது. நன்கு பழகி, விலை மலிந்துவிட்ட தொழில்நுட்பத்தைப் புதிய வகையில் பயன்படுத்துவதே அதனை உருவாக்கிய குன்பெய் யோகோயின் கொள்கை. ஆகவே திரையில் வண்ணமில்லை. ஆயினும் 4 சிறு பாட்டரிகளில் நெடுநேரம் இயங்கிற்று. மறு ஆண்டே சேகா நிறுவனம் வண்ணத்திரை கொண்ட 'கேம் கியர்' கருவியைக் கொணர்ந்தது. அதற்கோ 6 பாட்டரிகள். அவையும் சில மணி நேரத்தில் தீர்ந்தன. வாங்குவோர் கேம் பாயையே நாடினர்.

1996 பிப்ரவரியில் அதே பழைய கருவிக்கு 'போக்கிமான்' வந்தது. இளமையில் பூச்சிகளைப் பிடித்துச் சேர்த்து மகிழ்ந்த சதோஷி தஜிரி படைத்த கதை விளையாட்டு அது. சிவப்பு, பச்சை என இரு பதிப்புகள். ஒன்றில் கிடைக்கும் சில உயிரினங்கள் மற்றொன்றில் கிட்டா. அனைத்தையும் சேர்க்க விரும்பும் சிறுவன், மற்றப் பதிப்பை வைத்திருக்கும் நண்பனைத் தேடிச் சென்று, இரு கருவிகளையும் கம்பியால் இணைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். 7 ஆண்டுப் பழமையான கருவி மீண்டும் உயிர்பெற்றது!

பெற்றோர்களே! பிள்ளை புதிய கருவி கேட்கும்போது, விலையை மட்டும் விசாரிக்காதீர்கள். "யாரோடு சேர்ந்து விளையாடுவாய்?" என்றும் கேளுங்கள். அவ்விடையே முதன்மையானது.