‘ப்ரொவைட்’ என்றால் வெறும் ‘கொடு’ தானா?



ஆங்கிலப் பாடத்தில் ப்ரொவைட் என்ற வினைச்சொல் அடிக்கடி வரும். அர்த்தம் கேட்டால் “கொடு” என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவோம். கொடு என்பதற்குத்தான் கிவ் இருக்கிறதே, அப்புறம் இது எதற்கு?

இது லத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். ப்ரோ என்றால் முன்னால், விடேரே என்றால் பார்த்தல். ‘முன்னாடியே பார்த்து வைப்பது’ தான் வேர்ப்பொருள். வீடியோ என்ற சொல்லுக்கும் அதே விடேரேதான் வேர். பக்கத்தில் இருப்பவளுக்குப் பேனா நீட்டினால் அது கிவ். என்ன தேவை என்று பார்த்து, ஏற்பாடு செய்து கொடுத்தால் அது ப்ரொவைட். மளிகைக் கடை போர்டில் ‘ப்ரொவிஷன் ஸ்டோர்ஸ்’ என்று இருக்குமே, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

எழுதும் முறை:

1. ஆளை முதலில் சொன்னால் ‘வித்’ வேண்டும்.
தி ஸ்கூல் ப்ரொவைட்ஸ் அஸ் வித் புக்ஸ்.

2. பொருளை முதலில் சொன்னால் ‘டு’ அல்லது ‘ஃபார்’.
தி ஸ்கூல் ப்ரொவைட்ஸ் புக்ஸ் ஃபார் அஸ்.

3. பொருளே சொல்லாமல் ‘ஃபார்’ மட்டும் வந்தால், வேண்டியதைப் பார்த்துக்கொள்வது என்று அர்த்தம்.
ஷி ப்ரொவைட்ஸ் ஃபார் ஹெர் ஃபேமிலி.

பரீட்சையில் நிறையப் பேர் விட்டுவிடுவது முதல் வகையில் வரும் ‘வித்’. ஞாபகம் வைச்சுக்கோங்க.

இந்தச் சொல் நம் அரசியலமைப்புச் சட்டத்திலும் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு 86-வது திருத்தத்தில் 21ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 6 முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் அரசு இலவசக் கட்டாயக் கல்வி வழங்க வேண்டும் என்று அது சொல்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் ஆங்கில வாசகத்தில் கிவ் இல்லை, ‘ஷல் ப்ரொவைட்’ என்று இருக்கிறது. அதாவது நாம் கேட்டால் போனால் போகிறது என்று கொடுப்பதில்லை. நாம் வருவதற்கு முன்னாடியே வகுப்பறையும் வாத்தியாரும் புத்தகமும் இருக்கணும்.

ஆனால் அந்தப் பிரிவு 14 வயதோடு நிற்கிறது. எனக்கும் என் வகுப்பில் பல பேருக்கும் இப்போ 14. பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் யார் முன்னாடியே பார்த்து வைப்பது? “பொம்பளைப் பிள்ளைக்குப் படிச்சது போதும்” என்று வீட்டில் பேச்சு வருவதற்குள், மேல என்ன படிக்கணும், எந்தப் பள்ளிக்கூடம், எந்த பஸ் என்று விசாரித்து வைப்போம். ஆசிரியர்களிடமும் இப்பவே கேட்போம்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி