வாயுவா, மாரடைப்பா?

"நெஞ்சைப் பிசைகிறது" என்கிறார் கணவர். வயது நாற்பதுகூட ஆகவில்லை. "ராத்திரி சாப்பிட்ட போண்டாவின் வேலை, வாயுதான்!" என்று ஓமத் தண்ணீரை நீட்டுகிறீர்கள். சகோதரிகளே, சற்றுப் பொறுங்கள்!

இருதயத்துக்கு ரத்தம் ஊட்டும் குழாய்களுக்குள் கொழுப்புப் படிவது இளமையிலேயே தொடங்கிவிடுகிறது. புகை, சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, பரம்பரை எல்லாம் அதற்குத் துணை. 52 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 6 வருஷம் முந்தியே வருவதாகத் தெரிந்தது.

அடைப்பு பல இடங்களில் இருந்தால், பெரும்பாலும் 'பைபாஸ்' ஆபரேஷன்தான். காலிலிருந்தோ மார்பிலிருந்தோ எடுத்த ரத்தக் குழாயைக் கொண்டு, அடைப்பைத் தாண்டி மாற்றுப் பாதை போடுகிறார்கள். சென்னை, பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் 1975-ல் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவிலேயே முதன்முதலாக இதைச் செய்தார்.

ஆனால், மாற்றுப் பாதை போட்டதால் வியாதி போய்விட்டதாக அர்த்தமில்லை. சிகரெட்டை விடாவிட்டால், மாத்திரையை நிறுத்தினால், புதுக் குழாயும் அடைபடலாம்.

உங்கள் உடம்பையும் கவனியுங்கள். பெண்களுக்குச் சில சமயம் நெஞ்சு வலி பெரிதாக இராது. மூச்சு வாங்கும், குமட்டும், தாடையோ முதுகோ வலிக்கும், காரணமின்றிக் களைப்பாயிருக்கும். "அடுப்படி அசதி" என்று மறைத்துவிடாதீர்கள்.

செத்துப்போன இருதயத் தசையை எந்த ஆபரேஷனாலும் பிழைக்கவைக்க முடியாது. ஆகவே, சந்தேகம் தோன்றியதுமே 108-க்குப் போன் செய்யுங்கள். 'வெறும் வாயுதான்' என்று டாக்டர் சொல்லிவிட்டால் நல்லதாய்ப் போயிற்று. வீட்டுக்கு வந்து, சிரித்துக்கொண்டே அந்த ஓமத் தண்ணீரைக் கொடுங்களேன்!